ஆட்டைத்தான் எடை போடுவாங்க

புதிதாக ஜிம் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும்,

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் பார்த்த அத்தனை வயிறுகளை, முப்பது வருடம் ஜிம்மில் நின்றபோதுகூட நான் பார்த்ததில்லை. பல் துலக்குவதற்கு முன் ஒரு வயிறு, புரோட்டீன் மாவு குடித்த பின் ஒரு வயிறு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று எடுத்த வயிறு ஒன்று. யாருடைய வயிறு என்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறேன். "ஐயா, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், எங்களுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று கேட்டிருந்தீர்கள். ஊக்கம் கிடைக்குமா என்று தெரியாது. நான் பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது, அதைத் தருகிறேன்.

முதலில் என் தகுதி. இருபத்தாறு வயதில் எண்ணெய் பூசி, ஜட்டியோடு மேடையேறி, மாவட்ட அளவில் ஆணழகன் பட்டத்தில் மூன்றாம் இடம் வாங்கியவன் நான். போட்டியிட்டது நான்கு பேர் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோப்பையைக் காட்டித்தான் கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் முதலாளி தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தவர். அவருடைய கோடவுனுக்கு மேல் மாடியில் ஜிம். நான்கு சுவரிலும் கண்ணாடி. ஒரு மனிதன் உள்ளே நுழைந்தால் அவனுடைய தொப்பையை அவனே நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்து வெட்கப்பட வேண்டும், அந்த வெட்கத்தில் ஒரு வருடச் சந்தா கட்ட வேண்டும் என்பது முதலாளியின் திட்டம். நன்றாகவே வேலை செய்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்பு, பெண்களுக்கென்று காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வகுப்பு தொடங்கினோம். கூட்டம் சேர்க்க முதலாளி ஒரு போட்டி வைத்தார். தொண்ணூறு நாளில் யார் அதிகம் எடை குறைக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வெட் கிரைண்டர் பரிசு. மெலிந்த பெண்ணுக்கு மாவாட்டும் இயந்திரம் கொடுப்பதில் உள்ள வேடிக்கை அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாசலுக்கு நேராக ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவரையும் எடைமெஷினில் ஏற்றி, பெயருக்கு நேரே எடையை எழுதுவேன். குறைந்தால் பச்சை மை, கூடினால் சிவப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தப் பெருமை வேறு.

போட்டியில் சேராத ஒரே ஆள் செல்லத்தாய். நாற்பத்தைந்து வயது, கட்டுமஸ்தான உடம்பு. ஊர் ஓரத்தில் வெள்ளாடு வளர்த்து விற்கும் குடும்பம். முதல் நாளே என்னிடம் வந்து நேராகச் சொன்னார்.

"மாஸ்டர், நான் மெலியுததுக்கு வரல. சந்தைக்கு கிடாயத் தூக்கி வண்டியில ஏத்தையில இடுப்பு பிடிச்சுக்கிடுது. பெரியாஸ்பத்திரி டாக்டரு, வயித்துச் சதைக்குப் பலம் வரணும்னு சொல்லிட்டாவ. இடுப்பு பிடிக்காம கிடாய ஏத்தணும். அம்புட்டுதான்."

"எல்லாம் செய்யலாம். முதல்ல மெஷின்ல ஏறுங்க" என்றேன்.

அவர் மெஷினைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆட்டைத்தான் எடை போடுவாங்க மாஸ்டர், விக்கையில. என்னைய யாரு வாங்கப் போறா?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, படிக்காத பெண், அறிவியல் தெரியவில்லை என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

போட்டியில் முன்னால் நின்றவள் மகேஸ்வரி. இருபத்து மூன்று வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. மதியத்திலிருந்து கடை மூடும்வரை நின்றுகொண்டேயிருக்க வேண்டும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் இருமுவார். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம், "எல்லாம் பிடிச்சிருக்கு, பொண்ணுதான் கொஞ்சம் பூசினாப்ல இருக்கா" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தது. அவள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே, "ரெண்டே மாசம், அவிய வாயைப் பிளக்கணும், பாரு" என்றேன்.

முதல் மாதம் பச்சை மை. இரண்டாவது மாதம் அதைவிடப் பச்சை. அவள் பெயருக்குப் பக்கத்தில் "சபாஷ்!" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் வரைந்தேன்.

நான் பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் பார்க்கவில்லை என்று யாரும் எனக்குச் சலுகை தரக்கூடாது. சித்திரை வெயிலில் ஊரே அடுப்பாக எரிகையில் அவள் கை சில்லென்று இருந்தது. அவள் படுத்து எழுந்த பாயில் முடி கொத்தாகக் கிடந்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வகுப்பிலேயே அதிகம் வாயடிப்பவள் பேச்சை நிறுத்தினாள். செல்லத்தாய் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாஸ்டர், அந்தப் பிள்ள முகத்தப் பாத்தியளா? சீக்கு வந்த குட்டி தலையத் தொங்கப்போட்டு நிக்கும்லா, அப்படி நிக்கா" என்றார். "கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும்" என்றேன். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

எழுபதாவது நாளுக்குப் பக்கத்தில், ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி. மகேஸ்வரி தோளில் பளுக் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய நான் பலகைக்கு முன்னால் நின்று, மூன்றாவது நட்சத்திரத்தின் ஐந்தாவது முனையைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில்தான் பார்த்தேன். அவள் கண் மேலே செருகியது. முழங்கால் மடங்கியது. கம்பி கழுத்துப் பக்கமாகச் சரிந்தது.

நான் திரும்புவதற்குள் அடுத்த பாயிலிருந்த செல்லத்தாய் இரண்டே எட்டில் போய், பின்னாலிருந்து அவளை இடுப்போடு சேர்த்து அணைத்து, முழங்கையால் கம்பியைத் தள்ளிவிட்டார். கம்பி தரையில் விழுந்து உருண்டு கண்ணாடியில் மோதியது. அடிப்பகுதி முழுக்கச் சிலந்தி வலை போல விரிசல் விட்டது. செல்லத்தாய் அந்தப் பெண்ணை மெதுவாகக் கீழே படுக்க வைத்தார்.

இனி என் வீரம். ஓடிப்போய்க் குனிந்து அவளை ஒரே மூச்சில் தூக்கப் பார்த்தேன். முதுகில் எங்கோ 'டக்' என்றது. அப்படியே, பூசாரி இல்லாத கோயிலில் திருநீற்றுக்குக் காத்து நிற்பவன் மாதிரி குனிந்தபடி நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"தள்ளுங்க மாஸ்டர். உங்களுக்கும் பிடிச்சிட்டா ரெண்டு பேரையும் நாந்தான் சுமக்கணும்" என்றார் செல்லத்தாய். காலை அகட்டி வைத்து, வயிற்றை இறுக்கி, மூச்சை விட்டபடி அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினார். மாவட்ட ஆணழகனான நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

கீழே முதலாளி நின்றிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாஸ்டர், கண்ணாடி என்னாச்சு?"

சொன்னேன். பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர்தான், பயம் வந்தால் வியாபாரியாகிவிடுவார். குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு நாப்பது கேள்வி கேப்பான். ஒரு சோடா வாங்கிக் குடுத்து, பின்வாசல் வழியா அவ வீட்டுல விட்டுருங்க. வெயில் மயக்கம்னு சொல்லிக்கிடலாம்" என்றார்.

மகேஸ்வரிக்கு லேசாக நினைவு வந்திருந்தது. அவளும் அதையேதான் கேட்டாள். "வீட்டுக்குத் தெரிய வேண்டாம் மாஸ்டர். எனக்கு ரெண்டு நாளா இப்படித்தான் வருது, சரியாயிரும். இன்னும் இருவது நாள்தான இருக்கு?"

முதலாளியும் அதையே சொல்கிறார், பெண்ணும் அதையே கேட்கிறாள், எனக்கும் அதுதான் வசதி. மூன்று பேர் ஒத்துப்போனால் தப்பும் சரி மாதிரித் தெரியும். நான் யோசித்தேன். அப்படி யோசித்ததற்கு இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை, சில நொடிகள்தான் என்றாலும். அப்போது சும்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இரண்டு அடி அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. நான் தவறவிட்டேன் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு அடி.

"ஆட்டோவ நான் கூப்பிடுதேன் அண்ணாச்சி" என்றேன். "நீங்க கண்ணாடியப் பாருங்க."

முப்பது வருட வேலையில் நான் சரியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது என்று சில நாள் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். வயது? சொன்னேன். எடை? கிராம் வரை சொன்னேன். இடுப்புச் சுற்றளவைக்கூட அரை அங்குலம் பிசகாமல் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எழுபது நாளில் ஒருநாள்கூட அவளிடம் "சாப்பிட்டியா?" என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் சண்டைக்காரனிடம்கூடக் கேட்கும் கேள்வி அது. பக்கத்து வீட்டு நாயிடம்கூடக் கேட்போம்.

ரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டிருந்தால் படுத்தபடியே போயிருக்கலாம் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். சத்தம் போட்டிருக்கலாம்.

மகேஸ்வரியின் அம்மா தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். என்னை அறைவார் என்று எதிர்பார்த்து, கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தெனமும் தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சிருப்பா மாஸ்டர். சாப்பிட்டுட்டான்னு நெனச்சேன். மெலியுதாளே, சம்பந்தம் முடிஞ்சிரும்னு உள்ளுக்குள்ள சந்தோசம் வேற பட்டுக்கிட்டேன்." அறைந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. பூட்டைத் திறந்து போய்ப் பலகையைத் துடைத்தேன். இரண்டு மாத மை காய்ந்து போய் எளிதில் அழியவில்லை, "சபாஷ்" மட்டும் கடைசிவரை நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். போட்டியை நிறுத்துகிறேன், இல்லையென்றால் நானே நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்துவிட்டுச் சம்மதித்தார். கிரைண்டர் அவர் வீட்டுக்கே போனது. முதலாளியம்மாதான் வெற்றி பெற்றார்கள்.

உடைந்த கண்ணாடியை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் மாற்ற விருப்பமில்லை. கோடவுனில் தப்பாக அச்சான, சேவல் படம் போட்ட தீப்பெட்டி லேபிள்கள் தாள் தாளாகக் கிடந்தன. மைதாப் பசை காய்ச்சி, உடைந்தது உடையாதது என்று பார்க்காமல் பெண்கள் பக்கத்துக் கண்ணாடி முழுவதிலும் ஒட்டினேன். அதன் பிறகு எங்கள் பெண்கள் தங்கள் தொப்பையைப் பார்க்காமல், இரண்டு தலை அச்சான ஆயிரம் சேவல்களைப் பார்த்து உட்கார்ந்து எழுந்தார்கள். முதல் வாரம் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள், சேவல் பரவாயில்லை மாஸ்டர், அது நம்மளக் குறை சொல்லாது என்றார்கள்.

என் முதுகுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆணழகன் பட்டத்தைச் சொன்னேன். "அப்படியா சார்? மல்லாக்கப் படுங்க. செத்த கரப்பான்பூச்சி மாதிரி கையையும் காலையும் மேல தூக்குங்க. எதிரெதிர் கையையும் காலையும் மெதுவா நீட்டுங்க. இடுப்பு தரையை விட்டு எழும்பக்கூடாது" என்றார்.

எட்டு நொடி. எட்டாவது நொடியில் நிஜமாகவே செத்த கரப்பான் ஆகிவிட்டேன்.

"சார், மூச்சு விடுங்க. ஏன் வயித்த உள்ள இழுத்தே வச்சிருக்கீங்க?"

"அது… எப்பவுமே அப்படித்தான் வச்சிருப்பேன்."

"அது பலமில்ல சார், கூச்சம்."

இருபது வயதிலிருந்து ஒரு கண்ணாடியையும் வயிற்றை உள்ளே இழுக்காமல் நான் தாண்டியதில்லை. அதைப் போய் உறுதி என்று நினைத்திருக்கிறேன். வெளியே தெரிகிற சிக்ஸ் பேக் கட்டுகளுக்கும், உள்ளே முதுகெலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைக்கும் பெரிய உறவு ஒன்றும் கிடையாது. அந்தத் தசையைப் படம் எடுத்துப் போட முடியாது. கிடாயைத் தூக்கும்போது, ஓடுகிற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் எடுக்கும்போது, இடுப்பு பிடிக்காமல் தும்மும்போது அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அன்று படியிறங்கிய செல்லத்தாயிடம் இருந்தது. எனக்கு இல்லை.

நான்கு மாதம் கழித்து மகேஸ்வரி படியேறி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சி செய்யலாம் என்று அவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். நான் கேட்காமலேயே அந்தச் சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள். "அவிய வேற எடத்துல முடிச்சிட்டாவ மாஸ்டர்."

நான் மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க மட்டும் காரணம் இல்ல மாஸ்டர். கண்ணாடி பாத்த காலத்துலேருந்து இந்தச் சீக்கு எனக்குள்ள இருந்துச்சுன்னு டாக்டர் சொல்லுதாவ. ஆனா, அந்தச் சபாஷ் நீங்க எழுதுனதுதான். ஒவ்வொரு நாளும் பசிக்கையில அதைத்தான் நெனச்சுக்கிடுவேன்."

என் பெரிய பேச்சில் பாதி என் தரப்பு நியாயம். அதைத் தூர எறிந்துவிட்டு, "தப்புதான், மகேசு" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது மன்னிப்பாக இருந்திருக்காது.

அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். எடை போடக்கூடாது, டேப் எடுக்கக்கூடாது, மெலிந்திருக்கிறாய் என்றும் சொல்லக்கூடாது, தேறியிருக்கிறாய் என்றும் சொல்லக்கூடாது.

"சரி. பின்ன உனக்கு என்னதான் வேணும்?"

அவள் யோசித்தாள். "கடையில பட்டுச்சேலைக் கட்டு மேல் அடுக்குல இருக்கும். ஏணியில ஏறி எடுக்க ஒரு பையனக் கூப்பிடணும். அவன் டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள வாங்க வந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிரும். அதை நானே எடுத்து எறக்கணும்."

முப்பது வருடத்தில் ஒரு பெண் என்னிடம் சொன்ன முதல் உருப்படியான இலக்கு அதுதான் என்று எழுத வந்தேன். இல்லை, இரண்டாவது. முதலாவது கிடாய்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. சில வாரம் வரமாட்டாள். ஒருநாள் பாதியில் அழுதுகொண்டே போனாள், ஏன் என்று தெரியாது. நான் துரத்திப் போய் அறிவுரை சொல்லவில்லை. அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்து பத்திரமாக வீடு வந்தாளா என்று மட்டும் கேட்டேன். டாக்டர் வேலை டாக்டருக்கு, நம் வேலை நமக்கு. நமக்குப் புரியாத இடத்தில் வாயை மூடுவதும் பயிற்சிதான், தொடக்கத்தில் நாக்கு வலிக்கும். அடுத்த பொங்கல் வியாபாரத்தின்போது அவள் அந்தச் சேலைக் கட்டைத் தானே இறக்கினாள் என்று செல்லத்தாய் வந்து சொன்னார். நேரில் போய்ப் பார்த்தாராம். பார்ப்பதற்காக ஒரு சேலையும் வாங்க வேண்டியதாகிவிட்டதாம்.

அந்த வருடம் பசுவந்தனைப் பக்கம் செல்லத்தாயின் சொந்த ஊரில் கோயில் கொடை. கிடா வெட்டு. வகுப்புப் பெண்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். வேன் பிடித்துப் போனோம். முந்தின நாள் மழையில் கரிசல் இளகி, இறங்கி நடந்தவர்கள் எல்லோருக்கும் செருப்புக்குக் கீழே இரண்டு கிலோ மண். பந்தியில் இலை போட்டார்கள். மகேஸ்வரி எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

பரிமாறிக்கொண்டு வந்த செல்லத்தாயின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவள் முன்னால் வாளியோடு நின்றார். வெள்ளந்தியான மனுஷி. ஒன்றும் தெரியாது அவருக்கு.

"ஏட்டி, ஜவுளிக்கடைப் பிள்ளதான நீ? போன வருசம் குச்சியாட்டம் இருந்த, பாத்தேன். இப்ப நல்லா சதை போட்டுட்டியே!"

மகேஸ்வரியின் கை இலையில் அப்படியே நின்றது. விரல்களுக்கிடையில் சோறு. பந்தியில் எங்கள் பெண்கள் எல்லோரும் மெல்வதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த செல்லத்தாய் திரும்பிப் பார்த்தார். என் வாயில் அந்தப் பெண்மணிக்கு ஒரு பதில் தயாராக இருந்தது, அறிவியல் விளக்கத்தோடு. நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

மகேஸ்வரி நிமிர்ந்தாள்.

"ஆமா சித்தி" என்றாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க. எலும்பும் போடுங்க."